முன்னால் நின்ற சைபர்

நான் ஆர்ட்ஸ். இதை முதலே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இனி வரப்போவது துவித எண்களைப் பற்றிய கட்டுரை. ஓஎல்லில் கணிதத்துக்கு ஒரு ‘எஸ்’ வந்த அன்று அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தா. நான் இனி வாழ்நாளில் இலக்கங்களோடு மல்லுக்கட்டத் தேவையில்லை என்று நினைத்து ஏஎல்லுக்குத் தமிழ், புவியியல், அரசறிவியல் எடுத்தேன். இப்ப கம்பஸில் மூன்றாம் வருசம், சமூகவியல்.

துவித எண் எனக்குப் புதிது இல்லை. உங்களுக்கும் புதிதாக இருக்காது. ஐசிடி பாடத்தில் எல்லாரும் செய்ததுதான். இலக்கத்தை ரெண்டால் பிரி, மீதியைப் பக்கத்தில் எழுது, திரும்பப் பிரி, கடைசியில் மீதிகளைக் கீழே இருந்து மேலே வாசி. நானும் பிரித்திருக்கிறேன், கீழே இருந்து மேலே வாசித்திருக்கிறேன், சேர் சரியும் போட்டிருக்கிறார். வாசித்தது என்னவென்று மட்டும் தெரியாது. எதற்குக் கீழே இருந்து மேலே, ஏன் மேலே இருந்து கீழே இல்லை என்று கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அம்மா சொல்லித்தந்த கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு போனதுதான்.

போன வருசம் ஒரு மாமி என்னுடைய அட்டவணையைப் பார்த்து “எனக்கே இல்லையே பிள்ளை” என்று சொன்ன பிறகுதான் அது விளங்கத் தொடங்கியது.

கள ஆய்வுக்காக வன்னிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அறுபத்துமூன்று வீடு. தோழி ஒருத்தியின் மாமி வீட்டில் ஐந்து நாள் தங்கி, வெயிலுக்கு முந்தியும் வெயில் இறங்கின பிறகும் வீடு வீடாகப் போனேன். நீளமான கேள்விக்கொத்து ஒன்று இருந்தது. அதன் முதல் பக்கத்தில் மட்டும் எட்டுக் கேள்வி, எல்லாம் ஆம் அல்லது இல்லை. காணிக்கு உறுதியோ பெர்மிட்டோ இருக்கா? கல்வீடா? கரண்ட் இருக்கா? வளவுக்குள் கிணறு இருக்கா? மலசலகூடம்? மாதச் சம்பளம் எடுக்கிற ஒருவராவது? வயல் காணி? கடைசியாக, வீட்டில் ஒரு ஃபோனாவது இருக்கா?

முதலாவது கேள்வி முதலாவதாக நின்றதற்குக் காரணம் இருக்கு. அங்கே எல்லாக் கதையும் கடைசியில் காணியில்தான் வந்து நிற்கும். பெர்மிட் என்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்குக் கொடுக்கிற அனுமதிப்பத்திரம். அது கையில் இல்லாவிட்டால் இருபது வருசம் ஒரு வளவில் தென்னை வைத்து வளர்த்தாலும், அது ‘நீங்கள் இருக்கிற இடம்’ மட்டும்தான். ஊர் மாதர் சங்கம் இதைப் பற்றிப் பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம் எழுத யோசித்துக்கொண்டிருந்தது. “நீங்கள் எடுக்கிற கணக்கையும் கடிதத்தோட வைச்சுக் குடுப்பம்” என்று தலைவி கேட்டா. நான் பெருமையாக ஓம் என்றேன்.

இனி என் கெட்டித்தனம். எட்டுப் பதிலுக்கும் எட்டு நிரல் போட்டு ரைப் பண்ணப் பஞ்சியாக இருந்தது. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0, எட்டையும் ஒட்டி ஒரே பெட்டிக்குள் அடித்துவிட்டேன். மாமி வீட்டின் வரிசை 01101001. அதாவது காணிக்கு ஒன்றும் இல்லை, கல்வீடு ஓம், கரண்ட் ஓம், கிணறு இல்லை, மலசலகூடம் ஓம், சம்பளம் இல்லை, வயல் இல்லை, ஃபோன் ஓம். அறுபத்துமூன்று வீட்டையும் அரை மணித்தியாலத்தில் அடித்து முடித்தேன். பிறகு முதலாம் வருசத்தில் படித்த கொஞ்ச நஞ்சப் பைத்தனை வைத்து, ஒவ்வொரு வரிசையிலும் முதலாவது இடத்தில் எத்தனை 1, இரண்டாவது இடத்தில் எத்தனை 1 என்று எண்ணுகிற ஒரு கோட் எழுதினேன். ஓடியது. எரர் ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் தரம் ஓடின கோட் அது. அந்தச் சந்தோசத்தில் விடையை வடிவாகப் பார்க்கவே இல்லை.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு திரும்பவும் ஊருக்குப் போனேன். மாமி குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டு இருந்தா. கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தா.

“காணி உறுதி, பெர்மிட்... அறுபத்திமூண்டு வீட்டில அறுபத்திமூண்டு.” கொஞ்ச நேரம் பேசவில்லை. “எல்லாருக்கும் இருக்கெண்டு போட்டிருக்கிறியள். எனக்கே இல்லையே பிள்ளை.”

அதற்குக் கீழே, கடைசி வரியில், ஃபோன் இருக்கிற வீடு இருபத்தொன்று என்று இருந்தது. நான் பார்த்த வரைக்கும் ஃபோன் இல்லாத வீடு ஒன்றோ ரெண்டோதான். காணி எல்லாருக்கும் இருக்கு, ஃபோன் முக்கால்வாசிப் பேருக்கு இல்லை. ஊரைத் தலைகீழாக்கி வைத்திருந்தேன். அந்தத் தாளைக் கடிதத்தோடு வைத்துக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க வயிற்றைக் கலக்கியது. பெர்மிட் கேட்டுப் போகிற கடிதத்தின் பின்னால், எல்லாரிடமும் பெர்மிட் இருக்கு என்று ஒரு கம்பஸ் பிள்ளையின் அட்டவணை!

அன்றிரவே பெரியம்மாவின் மகனுக்கு ஃபோன் எடுத்தேன். அண்ணா கொழும்பில் மென்பொருள் வேலை. கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “ஷீட்டைத் திறந்து மாமின்ர வரிசையை வாசி” என்றான்.

வாசித்தேன். 1101001.

“எத்தினை இலக்கம்?”

ஏழு. முன்னால் நின்ற சைபர் இல்லை.

“எடி விசரி, நீ பெட்டிக்குள்ள அடிச்சது உனக்கு எட்டுப் பதில். அதுக்கு அது ஒரு இலக்கம். பதினொரு லட்சத்து ஓராயிரத்து ஒண்டு. இலக்கத்துக்கு முன்னால சைபர் போட்டா என்ன, போடாட்டி என்ன? அது தூக்கிப்போட்டிட்டுது.”

காணிக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் இதுதான் நடந்திருந்தது. அந்த ‘இல்லை’ முன்னால் நின்றபடியால் விழுந்தது. பிறகு மற்ற எல்லாப் பதிலும் ஓரிடம் முன்னுக்கு நகர்ந்து, கல்வீட்டின் 1 காணியின் இடத்தில் போய் நின்றது. கல்வீடும் இல்லாத வீடு என்றால் ரெண்டு சைபரும் விழுந்து, கரண்ட் வந்து காணியாகிவிடும். யோசித்துப் பாருங்கள், சைபரில் தொடங்குகிற இலக்கம் என்று ஒன்று இல்லை. எட்டும் இல்லை என்று சொன்ன வீடு இருந்திருந்தால் தவிர, என் கோட் முதலாவது இடத்தில் 1ஐத் தவிர வேறொன்றைப் பார்த்திருக்கவே முடியாது. உலகத்தில் எந்த ஊருக்குப் போய்க் கணக்கெடுத்திருந்தாலும் எல்லாருக்கும் காணி இருக்கு என்றுதான் அது சொல்லியிருக்கும்.

விசயம் விளங்கிவிட்டது, திருத்திவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் எனக்கொரு பிடிவாதம். பைத்தனில் மாமியின் வரிசையைச் சைபரோடு நேரடியாக அடித்துப் பார்த்தேன், 01101001 என்று. எரர். தசம இலக்கத்துக்கு முன்னால் சைபர் போடக்கூடாது, எண்ம இலக்கம் வேண்டுமென்றால் சைபரும் ‘ஓ’வும் போடு என்று ஒரு செய்தி. சரி, அது சொல்கிறபடியே செய்வம் என்று சைபரும் ஆங்கிலச் சின்ன ‘ஓ’வும் போட்டேன். வந்த விடை 295425. இது எங்கேயிருந்து வந்தது?

அண்ணா சிரித்தான். “ஓ இல்லை, பி போடு.” சைபர், ஆங்கிலச் சின்ன ‘பி’, பிறகு எட்டு இலக்கமும். (இங்கே 0பி01101001 என்று தமிழில் எழுதுகிறேன். நீங்கள் செய்து பார்க்கிறபோது ஆங்கில எழுத்தைப் போடுங்கள்.) விடை 105.

ஒரே ஏழு எழுத்து. சும்மா எழுதினால் பதினொரு லட்சத்துச் சொச்சம். ஓ போட்டால் ரெண்டு லட்சத்துத் தொண்ணூற்றையாயிரத்துச் சொச்சம். பி போட்டால் நூற்றைந்து. எனக்குக் கோபம்தான் வந்தது. “எது உண்மையான இலக்கம்?” என்று கேட்டேன். அண்ணா உடனே பதில் சொல்லவில்லை. “அம்மப்பான்ர படிக்கல் நினைவிருக்கா?” என்றான்.

நினைவிருக்கு. அம்மப்பா கடை வைத்திருந்தவர். கிலோ வர முந்தின காலத்துத் தராசுக் கற்கள் கொஞ்சம் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தன. நாங்கள் சின்னனில் அதை வைத்துக் கடை விளையாடுவோம். றாத்தல் என்ற சொல் இப்ப பாணுக்கு மட்டும்தான் மிஞ்சியிருக்கு. ஒரு றாத்தலுக்குப் பதினாறு அவுன்ஸ். ரின்னுக்குள் இருந்தவை அரை றாத்தல், கால் றாத்தல், ரெண்டு அவுன்ஸ், ஒரு அவுன்ஸ். அவுன்சில் சொன்னால் 8, 4, 2, 1.

“பத்து அவுன்ஸ் சீனி நிறுக்க எந்தக் கல்லு வைப்பாய்?”

எட்டும் ரெண்டும்.

“பெரிசில இருந்து சின்னன் வரைக்கும் சொல்லு. வைச்சதுக்கு ஒண்டு, வைக்காததுக்கு சைபர்.”

எட்டு வைத்தேன், 1. நாலு வைக்கவில்லை, 0. ரெண்டு வைத்தேன், 1. ஒன்று வைக்கவில்லை, 0. 1010.

நான் ஃபோனைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வருசமாகக் கீழே இருந்து மேலே வாசித்துக்கொண்டிருந்தது இதைத்தானா? ரெண்டால் பிரிக்கிறபோது முதலில் வருகிற மீதி ஒரு அவுன்ஸ் கல் வேணுமா இல்லையா என்பது. அடுத்தது ரெண்டு அவுன்ஸ். சின்னக் கல்லில் தொடங்கிப் பெரிய கல்லில் முடிகிறது. பெரிய கல்லை முதலில் எழுதுவது வழக்கம் என்றபடியால் கீழே இருந்து வாசிக்கிறோம். இவ்வளவுதான். நாலு கல்லும் ஒவ்வொன்றுதான் இருக்கு, ஒரு கல்லை ரெண்டு தரம் வைக்கத் தேவையும் வராது, ஆனாலும் ஒன்றிலிருந்து பதினைந்து வரை எந்த அவுன்சையும் நிறுக்கலாம். பதின்மூன்று என்றால் 8, 4, 1. எழுதினால் 1101. நீங்களும் ரெண்டு மூன்று இலக்கத்தை வைத்துச் செய்து பாருங்கள், கை பழகிவிடும்.

எங்கள் பழைய கீழ்வாய்ச் சொற்களும் இதே பாதையில்தான் போகின்றன. அரை, அதில் பாதி கால், அதில் பாதி அரைக்கால், அதில் பாதி வீசம். பாதி பாதியாகவே இறங்குகிற கணக்கு. கணினி தசமக் கணக்கில் 0.1ஐத் துல்லியமாக வைத்திருக்க முடியாமல் திணறும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பைத்தனில் 0.1உம் 0.2உம் கூட்டிப் பாருங்கள், 0.3க்குப் பின்னால் ஒரு வால் தொங்கும். அரைக்காலையும் வீசத்தையும் கொடுத்தால் பிழையே இல்லாமல் வைத்திருக்கும். அம்மப்பா இதைக் கேட்டிருந்தால் மெசினுக்கு ஒரு மதிப்புக் கொடுத்திருப்பார்.

இனி ‘எது உண்மையான இலக்கம்’ என்ற கேள்விக்கு வருவோம். தராசுத் தட்டில் இருக்கிற சீனிதான் இலக்கம். 1010 என்பதும் 10 என்பதும் அதைத் தாளில் எழுதுகிற விதம். 0பி என்ற ரெண்டு எழுத்தும் இலக்கத்தின் பகுதி இல்லை. ‘பின்னால் வருகிறதை ரெண்டின் கற்களால் வாசி’ என்று வாசிக்கிறவருக்குச் சொல்கிற குறிப்பு. ஓ வந்தால் எட்டின் கற்கள். ஒன்றும் இல்லாவிட்டால் பத்தின் கற்கள். வாசித்து முடிந்ததும் குறிப்பைக் கணினி மறந்துவிடும். 0பி1010 என்று எழுதினீர்களா, 10 என்று எழுதினீர்களா என்று பிறகு கேட்டால் அதற்குத் தெரியாது. உள்ளே ஒரே பத்துத்தான் இருக்கு.

இது விளங்காமல் நான் அடுத்த நாள் செய்த இன்னொரு கூத்தையும் சொல்லவேண்டும். ஐந்தைத் துவிதத்தில் காட்டச் சொல்லிப் பைத்தனிடம் ‘பின்’ என்ற கட்டளையால் கேட்டால் 0பி101 என்று காட்டும். மூன்றைக் கேட்டால் 0பி11. ரெண்டையும் கூட்டினேன். எட்டு, அதாவது 0பி1000 வரும் என்று இருந்தேன். வந்தது 0பி1010பி11. ‘பின்’ தருவது இலக்கம் இல்லை, எழுத்து. எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டும். என் ஷீட் எழுத்தை இலக்கமாக்கினது. நான் இப்ப இலக்கத்தை எழுத்தாக்கிவிட்டுக் கணக்குப் பார்க்க நின்றேன்.

தமிழ் எழுத்துக்கும் இதில் ஒரு இடம் இருக்கு. பைத்தனுக்கு ‘௧௦௫’ என்று தமிழ் இலக்கத்தில் மேற்கோள் குறிக்குள் எழுதிக்கொடுத்து, இதை முழுவெண்ணாக்கு என்று ‘இன்ட்’ கட்டளையைக் கொடுத்தால், மறுபேச்சில்லாமல் 105 என்று தருகிறது. நான் ஃபக்கல்ட்டி நூலகத்தில் இருந்து இதைச் செய்து பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்து, பக்கத்து மேசையிடம் பேச்சு வாங்கினேன். ஆனால் எங்கள் பழைய முறைப்படி ‘௱௫’ என்று, நூறுக்கு ஒரு எழுத்தும் ஐந்துக்கு ஒரு எழுத்துமாகக் கொடுத்தால் மாட்டேன் என்கிறது. பழைய முறைக்குச் சைபர் தேவையில்லை. பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனி எழுத்து இருக்கிறபோது வெறும் இடத்தைக் காட்ட ஏன் ஒரு குறி? ‘௦’ என்ற தமிழ்ச் சைபர் யுனிகோட்டுக்குள் வந்ததே 2005இல்தான். மற்ற ஒன்பது இலக்கமும் அதற்கு முன்பே உள்ளே இருந்தன. எந்த வரிசையிலும் சைபருக்குத்தான் கடைசியாகக் கதிரை கிடைக்கிறது போல.

பைத்தன் ஏன் வெறும் சைபரை மறுத்து, ஓ போடச் சொன்னது என்பதற்கும் ஒரு பழைய கதை இருக்கு. ஸீ மொழியில், அதற்கு முந்தின பீ மொழியிலும், இலக்கத்துக்கு முன்னால் சைபர் நின்றால் எண்ம முறை என்று அர்த்தம். ஸீயில் 010 என்று எழுதினால் அது பத்து இல்லை, எட்டு. இன்றைக்கும் எட்டுத்தான். ஜாவாவிலும் அப்படியே. யுனிக்ஸ் பிறந்த காலத்து மெசின்களில் பதினெட்டு பிட் ஒரு சொல்லாக இருந்தது. அதை மூன்று மூன்று பிட்டாகப் பிரித்து, மூன்றுக்கு ஒரு எண்ம இலக்கம் என்று எழுதுவது வசதி. வசதிக்கு வைத்த சைபர் பிறகு எத்தனையோ பேரின் காலை வாரிவிட்டது. வரிசை வடிவாக நிற்கவேண்டும் என்று 100, 010 என்று எழுதினவர்களுக்கு ரெண்டாவது எட்டாகிவிடும், எரரும் வராது. 2008இல் பைத்தன் 3 வந்தபோது இந்தச் சைபரைத் தடை செய்து, ஓவைக் கட்டாயமாக்கினார்கள். 0பியும் பைத்தனுக்குள் அந்த வருசம்தான் வந்தது. ஜாவாவுக்கு 2011இல், ஜாவாஸ்கிரிப்டுக்கு 2015இல். ஸீயின் அதிகாரபூர்வ தராதரத்துக்குள் வந்தது சீ23 என்ற பதிப்பில்தான். எல்லாம் துவிதத்தில் ஓடுகிறது என்கிறார்கள், துவிதத்தை அப்படியே எழுத இவ்வளவு காலம் எடுத்திருக்கு!

அந்த மூன்று பிட் பழக்கம் இன்னும் ஓரிடத்தில் உயிரோடு இருக்கு. லினக்ஸில் ஒரு கோப்பைத் தொட யார் யாருக்கு அனுமதி என்பதை 755 என்று எழுதுவார்கள். வாசிக்கலாமா, எழுதலாமா, ஓடவிடலாமா என்று மூன்று கேள்வி. 7 என்றால் 111, மூன்றுக்கும் ஓம். 5 என்றால் 101, நடுவில் இருக்கிற எழுதுவதற்கு மட்டும் இல்லை. முதல் இலக்கம் சொந்தக்காரருக்கு, அடுத்தது குழுவுக்கு, கடைசி மற்ற எல்லாருக்கும். “இதுவும் உன்ர கேள்விக்கொத்து மாதிரித்தான்” என்று அண்ணா சொன்னபோது, என் பஞ்சிக்கு ஒரு பாரம்பரியம் இருக்கென்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்த ஆறுதலில் மாமியின் வீட்டை 105 என்றே வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தேன். எட்டுக் கல், 128இல் தொடங்கி 1 வரைக்கும். மாமியின் தட்டில் இருப்பவை 64, 32, 8, 1. கூட்டினால் 105. ஒரு வீட்டின் எட்டுப் பதிலும் ஒரு சின்ன இலக்கத்துக்குள்! காணி இருக்கா என்று கேட்கவேண்டுமென்றால், 105ஐயும் 0பி10000000ஐயும் ‘அண்ட்’ என்கிற குறியால் சேர்த்துப் பார்த்தால் போதும். தட்டில் 128 கல் இருந்தால் 128 வரும், இல்லாவிட்டால் 0. மாமிக்கு 0 வந்தது. சரியான விடை. இந்த முறை எழுத்தை எண்ணாமல் கல்லைக் கேட்டபடியால் சரியாக வந்தது.

பிறகு சும்மா ஒரு ஆசைக்கு 105ஐத் துவிதத்தில் காட்டச் சொன்னேன். 0பி1101001. திரும்பவும் ஏழு இலக்கம். நான் வலு கவனமாக 0பி போட்டுச் சைபரோடு உள்ளே அனுப்பியிருந்தேன். வெளியே வந்தபோது சைபர் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நின்றேன். கணினி பிழை விடவில்லை. பத்து அவுன்ஸ் சீனி நிறுக்கிறபோது ‘றாத்தல் கல் வைக்கவில்லை’ என்று யாராவது கொப்பியில் எழுதுவார்களா? எழுதுவதென்றால் எத்தனை வைக்காத கல்லை எழுதுவது? ரெண்டு றாத்தல், நாலு றாத்தல், அந்தர், எல்லாம்தான் வைக்கவில்லை. தட்டில் இருக்கிற சீனிக்கு வைக்காத கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. 105 என்ற இலக்கத்துக்கும் நான் எட்டுக் கேள்வி கேட்டேன் என்பது தெரியாது. ஏழு கேள்வி கேட்டாலும் அது 105தான், எண்பது கேள்வி கேட்டாலும் 105தான். நான் மாமியிடம் போய், வெயிலில் நின்று, ‘காணிக்கு ஏதும் இருக்கா’ என்று கேட்டதும் அவ ‘இல்லை’ என்று சொன்னதும் 105க்குள் இல்லை. அது நான் நினைவில் வைத்திருக்க வேண்டியது. கேட்டு இல்லை என்று சொன்ன வீடும், யாரும் போய்க் கேட்கவே இல்லாத வீடும் இலக்கத்துக்குள் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

வழி இருக்கு. எட்டு இடத்துக்குக் குறையாமல், வெறும் இடத்துக்குச் சைபர் போட்டுக் காட்டு என்று ‘ஃபோர்மட்’ என்ற கட்டளையிடம் சொன்னால் 01101001 என்று முழுசாக எழுதித்தரும். ஆனால் எட்டு என்று நாங்கள்தான் சொல்லவேண்டும்.

அண்ணாவிடம் இதையெல்லாம் ஒரு தத்துவ ஞானி மாதிரி விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது: “முதலே எட்டு நிரல் போட்டு அடிச்சிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.” உண்மை. அப்படித்தான் கடைசியில் செய்தேன். துவிதத்தை விளங்கிக்கொண்ட பிறகு அதை இந்த வேலைக்குப் பாவிக்கத் தேவையில்லை என்பதும் விளங்கியது. ஷீட்டில் எட்டு நிரல் போட்டு, தாள்களைத் திரும்ப எடுத்து, அறுபத்துமூன்று வீட்டையும் ஒவ்வொரு பெட்டியாக அடித்தேன். ரெண்டரை மணித்தியாலம். காணிக்கு ஏதும் இருக்கிற வீடு இருபத்திரண்டு. இல்லாதது நாற்பத்தொன்று. ஃபோன் அறுபத்தொன்று.

முதல் அட்டவணையில் ஃபோன் ஏன் இருபத்தொன்று என்று காட்டியது என்பதும் அப்பதான் பிடிபட்டது. எட்டாவது இடம் மிஞ்சியிருந்தது முன்னால் சைபர் இல்லாத வீடுகளுக்கு மட்டும்தான், அதாவது காணி உள்ள இருபத்திரண்டு வீட்டுக்கு. கடைசிக் கேள்விக்கான பதில் காணி இருந்தவர்களிடம் மட்டும் எண்ணப்பட்டிருந்தது.

புது அட்டவணையோடு மூன்றாம் தரமும் போனேன். மாமி இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தா. நாற்பத்தொன்று என்ற இடத்தில் விரலை வைத்து, வீடு வீடாகப் பெயர் சொல்லி எண்ணிப் பார்த்தா. சரியாக வந்தது. நான் மூச்சு விட்டேன்.

“பிள்ளை,” என்றா பிறகு. “இதில பெர்மிட்டுக்கு எழுதிக்குடுத்திட்டு இருக்கிற ஆக்களுக்கு என்ன போட்டிருக்கிறியள்? பக்கத்து வீட்டு அண்ணை எழுதிக்குடுத்து எத்தினை வருசம். காணிக் கச்சேரிக்கும் கூப்பிட்டவை. வரும் எண்டுதான் சொல்லியிருக்கினம். அவருக்கு இருக்கோ, இல்லையோ?”

அவருக்கு 0 போட்டிருந்தேன். கேள்வி அப்படித்தான் இருந்தது.

மாமி தாளை மடித்து என்னிடம் தந்தா. கடிதம் கொடுக்க இன்னும் நாலு நாள் இருந்தது. கேள்விக்கொத்தின் பின்பக்கத்தில் ஒன்பதாவது கேள்வியைப் பேனையால் எழுதிக்கொண்டு, வெயில் ஏறமுதல் அந்த நாற்பத்தொரு வீட்டுக்கும் திரும்பவும் நடக்கத் தொடங்கினேன். முதலில் பக்கத்து வீடு.